கடைசிக் கட்டத்தில் காத்திருக்கும் பேய்

பத்திரிகை வீட்டுக்கு வந்ததும் தொடர்கதையின் கடைசிப் பாராவை முதலில் படித்துவிடுகிறவர்கள் உண்டு. "கதாநாயகி பிழைத்தாளா, இல்லையா? அது தெரிந்துவிட்டால் மனசு சமாதானமாகிவிடும், அப்புறம் நிதானமாகப் படித்துக்கொள்கிறேன்" என்பது அவர்களுடைய கட்சி. அந்தக் கட்சியைச் சேர்ந்த வாசகிகளுக்கு ஓர் எச்சரிக்கை. இங்கே சொல்லப்போகிற கதைகளிடம் அந்த ஜம்பம் சாயாது. கடைசிக் கட்டத்தை முதலில் பார்த்துவிட்டால் அப்புறம் கதை என்று ஒன்றும் மிஞ்சாது. வெறும் காகிதமும் மையுந்தான் மிஞ்சும்.

முதலில் ஒரு கதையைச் சொல்லிவிடுகிறேன். மற்ற விஷயங்களைப் பிற்பாடு பேசலாம்.

கிறிஸ்துமஸுக்கு முந்தின இரவு. அமெரிக்காவில் ஒரு வீடு. வெளியே பனி கொட்டிக்கொண்டிருக்கிறது. மாடியில் சின்னப் பெண் குழந்தை தூங்குகிறாள். கீழே கூடத்தில் அப்பா. அவருக்குப் பின்னால் அம்மா. அம்மாவின் கையில் கணப்பைக் கிளறுகிற இரும்புக் கம்பி! ஒரே அடி. கணவன் தீர்ந்தான்.

பிணத்தை அப்புறப்படுத்தி, விபத்துப் போல் ஜோடித்துவிட்டால் காரியம் முடிந்தது. அந்தச் சமயத்தில் ரேடியோவில் ஓர் அறிவிப்பு. பைத்தியக்கார ஆஸ்பத்திரியிலிருந்து கொலை வெறி பிடித்த ஒருவன் தப்பிவிட்டான். கிறிஸ்துமஸ் தாத்தா வேஷத்தில் திரிகிறான். ஜனங்கள் ஜாக்கிரதையாக இருக்கவேண்டும். திரும்பிப் பார்க்கிறாள். ஜன்னல் கண்ணாடிக்கு அப்பால் ஒரு சிவப்புக் குல்லாய், வெள்ளைத் தாடி, இரண்டு கண்கள்.

நீங்களும் நானும் என்ன செய்வோம்? டெலிபோனை எடுத்துப் போலீஸைக் கூப்பிடுவோம். அவளால் கூப்பிட முடியாது. போலீஸ்காரன் உள்ளே வந்தால் அவன் காலில் முதலில் தட்டுப்படுவது கூடத்தில் கிடக்கிற பிணம் அல்லவா? ஓடி ஓடிக் கதவுகளைத் தாழிடுகிறாள். ஜன்னல்களை அடைக்கிறாள். எல்லாம் பத்திரம். அப்பாடா என்று மாடிக்கு வந்து பார்த்தால், குழந்தையின் படுக்கை காலி. கீழேயிருந்து குதூகலமான ஒரு மழலைக் குரல் கேட்கிறது. கிறிஸ்துமஸ் தாத்தா வந்திருக்கிறாராம். குழந்தையே கதவைத் திறந்துவிட்டாளாம்.

கதை அவ்வளவுதான். அடுத்த கட்டம் கிடையாது. அடுத்த கட்டத்தை நீங்கள்தான் வரைந்துகொள்ள வேண்டும்.

இந்தச் சித்திரக் கதை 1954-ல் அமெரிக்காவில் 'தி வால்ட் ஆஃப் ஹாரர்' என்ற பத்து சென்ட் பத்திரிகையின் 35-ஆவது இதழில் வந்தது. எழுதி வரைந்தவர் ஜானி கிரெய்க். பேய் இல்லை, பிசாசு இல்லை. ஆனாலும் படித்து முடித்ததும் ஒருமுறை எழுந்து போய் வாசல் தாழ்ப்பாளைத் தொட்டுப் பார்க்கத் தோன்றுகிறது. அதைவிட முக்கியமானது ஒன்று உண்டு: அவளை அந்த வீட்டுக்குள் அடைத்துப் பூட்டியது பைத்தியக்காரன் அல்ல, அவள் கையிலிருந்த இரும்புக் கம்பி. செய்த வினை திரும்பி வந்து வாசற்கதவைத் தட்டுகிறது. நம் பாட்டிமார் இதைப் பத்து சென்ட் வாங்காமலே சொல்லியிருக்கிறார்கள்.

இந்தப் பத்திரிகைகளை வெளியிட்ட கம்பெனிக்கு ஈ.ஸி. என்று பெயர். அந்தப் பெயரின் சரித்திரமே ஒரு திருப்பக் கதைதான். ஆரம்பித்தவர் மாக்ஸ் கெய்ன்ஸ் என்பவர். பைபிள் கதைகளையும் உலக சரித்திரத்தையும் குழந்தைகளுக்குப் படம் போட்டுச் சொல்ல வேண்டும் என்பது அவருடைய ஆசை. 'கல்வி' என்ற சொல்லையே கம்பெனிப் பெயரில் வைத்தார். 1947-ல் ஏரியில் நடந்த ஒரு படகு விபத்தில் அவர் காலமானார். மகன் வில்லியம் கெய்ன்ஸுக்கு அப்போது 25 வயது. கெமிஸ்ட்ரி வாத்தியாராகப் போகலாம் என்று படித்துக்கொண்டிருந்தவர். அவர் தலையில் கம்பெனி விழுந்தது. வியாபாரமோ நொண்டிக்கொண்டிருந்தது. 'கல்வி' இருந்த இடத்தில் 'கேளிக்கை' என்று போட்டார். நல்ல வேளையாக இரண்டு சொற்களுக்கும் ஆங்கிலத்தில் முதல் எழுத்து ஒன்றே! 1950-ல் ஆசிரியர் அல் ஃபெல்ட்ஸ்டீனுடன் சேர்ந்து மூன்று திகில் பத்திரிகைகளைத் தொடங்கினார். தகப்பனார் பைபிள் விற்ற கடையில் பிள்ளை பேய் விற்றார்.

வேலை நடந்த விதம் வேடிக்கையானது. கெய்ன்ஸ் உடல் பெருத்தவர். இளைப்பதற்காகச் சாப்பிட்ட மாத்திரைகள் அவர் தூக்கத்தைக் கெடுத்தன. தூங்காத இரவெல்லாம் கையில் அகப்பட்ட கதைகளைப் படித்துத் தள்ளி, துண்டுக் காகிதங்களில் கருக்களைக் குறித்துக்கொண்டு காலையில் ஆபீஸுக்கு வருவார். "இது எப்படி? அது எப்படி?" என்று ஃபெல்ட்ஸ்டீனிடம் ஒவ்வொன்றாக நீட்டுவார். ஃபெல்ட்ஸ்டீன் ஏதாவது ஒன்றுக்குத் தலையை ஆட்டுவார். பிறகு, ஏறக்குறைய நாளைக்கு ஒரு கதை என்ற வேகத்தில், சித்திரக்காரர் வரையவேண்டிய அட்டையின் மேலேயே வசனங்களை நேராக எழுதிவிடுவார். எழுத்து முதலில், படம் அப்புறம். அதனால்தான் அந்தக் கதைகளில் சித்திரங்களின் தலைக்கு மேல் எழுத்துக்கள் மூட்டை மூட்டையாக உட்கார்ந்திருக்கும்.

படித்ததை எல்லாம் கருவாக்கிக்கொள்கிறவருக்கு ஒரு நாள் வினை வராமல் போகுமா? 1952-ல் ரே பிராட்பரி என்ற பிரபல எழுத்தாளரின் இரண்டு கதைகளைக் கலந்து, அவரைக் கேட்காமலே, ஒரே கதையாக்கிப் போட்டுவிட்டார்கள். பிராட்பரி கோர்ட்டுக்குப் போகவில்லை. கதையைப் பாராட்டிவிட்டு, தமக்குச் சேரவேண்டிய 50 டாலரை மறதியாக அனுப்பாமல் விட்டுவிட்டீர்கள் போலிருக்கிறதே என்று மிக மரியாதையாக ஒரு கடிதம் எழுதினார். பணம் போய்ச் சேர்ந்தது. அதற்கப்புறம் அவருடைய கதைகள் அவர் பெயரோடு அதே பத்திரிகைகளில் வந்தன. கடனை வசூலிக்க இதைவிட நயமான வழி எனக்குத் தெரிந்து இல்லை.

ஓர் இதழுக்குப் பெரும்பாலும் நான்கு கதைகள். கதைக்கு ஆறிலிருந்து எட்டுப் பக்கம். இந்தக் குறுகிய இடத்தில் ஒரு குடும்பம், ஒரு துரோகம், ஒரு கொலை, ஒரு தண்டனை எல்லாம் அடங்கவேண்டும். அச்சுப் பக்கத்தில் உள்ள சங்கடம் என்னவென்றால், கண் திருட்டுத்தனம் செய்யும். வலது பக்கத்து மூலையில் பயங்கரப் படம் இருந்தால், இடது பக்கத்தைப் படிக்கும்போதே அங்கே ஓடிவிடும். ஆகையால் அதிர்ச்சியை, தாளைப் புரட்டினால்தான் தெரிகிற இடத்தில் வைப்பது கெட்டிக்காரத்தனம். தாளின் நுனியைப் பிடித்துக்கொண்டு புரட்டலாமா வேண்டாமா என்று விரல் தயங்குகிறதே, அந்த ஒரு விநாடிக்குத்தான் இந்த வியாபாரமெல்லாம்.

இன்னொரு கதையையும் சொல்லவேண்டும். குருடர்களுக்கான விடுதி ஒன்று. புதிதாக வந்த நிர்வாகி சாப்பாட்டைக் குறைக்கிறான். குளிருக்குக் கணப்பையும் குறைக்கிறான். தான் மட்டும் தன் அறையில் சுகமாக விருந்து சாப்பிடுகிறான். காவலுக்கு ஒரு முரட்டு நாய். கவனிப்பாரில்லாமல் விடுதிவாசி ஒருவர் செத்துப்போகிறார். மற்றவர்கள் ஒன்றுகூடி அவனைப் பிடித்து ஓர் அறையில் அடைக்கிறார்கள். நாயை வேறோர் அறையில் பட்டினி போடுகிறார்கள். அப்புறம் நாட்கணக்கில் ஏதோ மரவேலை நடக்கிற சப்தம். ஒரு நாள் கதவு திறக்கிறது. எதிரே ஆள் நுழையும் அகலத்தில் ஒரு சந்து. இரண்டு சுவர்களிலும் சவர பிளேடுகள் வரிசை வரிசையாகப் பதித்திருக்கின்றன. பின்னால் பசித்த நாயின் உறுமல். ஆனாலும் விளக்கு எரிகிறது. நிதானமாகப் பக்கவாட்டில் நடந்தால் தப்பிவிடலாம். நடக்கிறான். அப்போது யாரோ விளக்கை அணைத்துவிடுகிறார்கள்.

அவர்களுக்கு விளக்கு எதற்கு?

1955-ல் வந்த கதை இது. இதையும் முதலில் சொன்ன கிறிஸ்துமஸ் கதையையும் சேர்த்து 1972-ல் இங்கிலாந்தில் ஸினிமாவாக எடுத்தார்கள். அங்கேயும் கடைசியில் விளக்கு அணைகிற இடத்தில்தான் கொட்டகை மூச்சுப் பிடித்திருக்கும்.

எல்லாக் கதைகளும் இந்த ரகம் என்று சொல்லிவிட முடியாது. கொன்றவனின் குடலையும் தலையையும் வைத்துப் பந்தாட்டம் ஆடுகிற ஒரு கதையும் 1953-ல் வந்திருக்கிறது. அதைப் படிக்கிறபோது பயம் வரவில்லை, குமட்டல்தான் வருகிறது. திருப்பம் தீர்ந்துபோன இடத்தில் ரத்தத்தை ஊற்றி நிரப்பியிருக்கிறார்கள். ஒரு தாய் அதைத் தன் பிள்ளையின் கையிலிருந்து பிடுங்கினாள் என்றால் அவளைக் குறை சொல்ல எனக்கு வாய் வராது.

அந்தத் தாய்மார்களின் சார்பில் பேச ஒரு டாக்டர் வந்தார். மனோவியாதி நிபுணரான ஃப்ரெட்ரிக் வெர்தாம். நியூயார்க்கில் ஏழை நீக்ரோ மக்கள் வாழ்ந்த ஹார்லெம் பகுதியில், அவர்களைக் கவனிப்பாரில்லாத காலத்தில், சொற்பக் கட்டணத்தில் வைத்தியம் பார்த்த நல்ல மனிதர். சித்திரக் கதை படித்துத்தான் சிறுவர்கள் குற்றவாளிகளாகிறார்கள் என்று 1954-ல் ஒரு தடித்த புத்தகம் எழுதினார். தேசமே அல்லோலகல்லோலப்பட்டது. அந்த வருஷம் ஏப்ரல் 21-ஆம் தேதி நியூயார்க்கில் ஸெனட் சபையின் துணைக் கமிட்டி விசாரணைக்கு உட்கார்ந்தது.

கெய்ன்ஸ் தாமாகவே முன்வந்து சாட்சி சொன்னார். போகாமல் இருந்திருக்கலாம். ஸெனட்டர் கீஃபாவர், கெய்ன்ஸின் பத்திரிகை அட்டை ஒன்றைத் தூக்கிக் காட்டினார். ஒரு கையில் கோடரி, மறு கையில் ஒரு பெண்ணின் வெட்டுண்ட தலை. "இது நல்ல ரசனைதானா?" என்பது கேள்வி. திகில் பத்திரிகையின் அட்டை என்ற அளவில் நல்ல ரசனைதான் என்றார் கெய்ன்ஸ். தலையை இன்னும் கொஞ்சம் உயர்த்திக் கழுத்திலிருந்து ரத்தம் சொட்டுவதைக் காட்டியிருந்தால்தான் கெட்ட ரசனை என்று விளக்கமும் கொடுத்தார்! மறுநாள் பத்திரிகைகள் சும்மா விடுமா? கதைகளின் கடைசிக் கட்டத்தில் மற்றவர்களை மாட்டிவைத்தவர், தம் கடைசிக் கட்டத்தில் தாமே போய் மாட்டிக்கொண்டார்.

அந்த வருஷமே பிரசுரகர்த்தர்கள் கூடி ஒரு கட்டுப்பாட்டு விதியை எழுதிக்கொண்டார்கள். பத்திரிகைப் பெயரில் 'திகில்', 'பயங்கரம்' என்ற சொற்கள் வரக்கூடாது. நடமாடும் பிணம் கூடாது. ரத்தக் காட்டேரி கூடாது. முத்திரை இல்லாத இதழைக் கடைக்காரர்கள் தொடமாட்டார்கள். கெய்ன்ஸின் மூன்று திகில் பத்திரிகைகளும் மூடப்பட்டன.

இந்த விவகாரத்திற்கு ஒரு பின்கதை இருக்கிறது. டாக்டர் வெர்தாமின் கையெழுத்துக் குறிப்புகள் வெகுகாலம் பூட்டிக் கிடந்து 2010-ல் ஆராய்ச்சியாளர்களுக்குத் திறந்துவிடப்பட்டன. கரோல் டில்லி என்ற நூலகத் துறைப் பேராசிரியை பொறுமையாக உட்கார்ந்து அவற்றைப் புத்தகத்தோடு ஒப்பிட்டார். பல சிறுவர்கள் சொன்னதை ஒருவன் சொன்னதாக்கியும், சொன்னதில் பாதியை விட்டும், டாக்டர் தமக்கு வேண்டியபடி வளைத்திருந்தார் என்று 2012-ல் வெளியிட்டார். நல்ல நோக்கத்துக்காகவே செய்தார் என்று வைத்துக்கொண்டாலும், செய்தது செய்ததுதானே!

கிளாஸ்கோ நகரத்தில் நடந்த கூத்தைச் சொல்லாமல் மேலே போக மனம் வரவில்லை. 1954 செப்டம்பரில் ஒரு மாலை, நூற்றுக்கணக்கான குழந்தைகள் கம்பும் கத்தியுமாக ஒரு பெரிய இடுகாட்டுக்குள் புகுந்தார்கள். ஏழடி உயரம், இரும்புப் பற்கள் உள்ள காட்டேரி ஒன்று இரண்டு பையன்களைத் தின்றுவிட்டதாம். அதை வேட்டையாடப் போகிறார்களாம். போலீஸ் விசாரித்ததில் ஊரில் எந்தப் பையனும் காணாமற் போகவில்லை. மழை வந்து வேட்டையைக் கலைத்தது. பெரியவர்கள் உடனே கண்டுபிடித்துவிட்டார்கள், இது அமெரிக்கச் சித்திரக் கதைகளின் வேலை என்று! ஆனால் இரும்புப் பற்கள் கொண்ட பயங்கர மிருகம் பைபிளிலேயே, தானியேல் ஆகமத்தில், வருகிறது. அந்தப் பக்கத்துப் பழைய பாட்டு ஒன்றிலும் இரும்புப் பல் கிழவி ஒருத்தி உண்டு. பைபிள் மேல் யார் வழக்குப் போடுவது? 1955-ல் பிரிட்டிஷ் பார்லிமெண்டு இளைஞர்களுக்குத் தீங்கு செய்யும் பிரசுரங்களைத் தடுக்க ஒரு சட்டம் போட்டது. 1956-ல் அதே போன்ற ஒரு சட்டத்தை நம் டில்லிப் பார்லிமெண்டும் போட்டது. 20 வயதுக்கு உட்பட்டவர்களின் மனத்தைக் கெடுக்கக்கூடிய, குற்றமும் கொடுமையும் அருவருப்பும் நிறைந்த கதைகள் கொண்ட பிரசுரங்களை விற்றால் ஆறு மாதம் வரை சிறைத் தண்டனை.

சட்டம் வந்த அதே காலத்தில், நம் வீடுகளில் மாதா மாதம் ஒரு பிணம் வந்து கதை சொல்லிக்கொண்டிருந்தது. யாரும் போலீஸுக்குச் சொல்லவில்லை. 1947-ல் தொடங்கிய 'அம்புலிமாமா'வில் வந்த வேதாளத்தைத்தான் சொல்கிறேன். ஓவியர் சங்கரின் கைவண்ணத்தில் அந்தச் சுடுகாடு, உருவிய வாள், அரசன் தோளில் தொங்குகிற சவம், அதன் தலைமுடி எல்லாம் எத்தனை தலைமுறைக் குழந்தைகளின் மனத்தில் பதிந்திருக்கின்றன! அமெரிக்கப் பத்திரிகைகளில் கல்லறைக் காவலன், நிலவறைக் காவலன், கிழச் சூனியக்காரி என்று மூன்று பேர் கதைக்கு முன்னும் பின்னும் தோன்றி வாசகரை வம்புக்கு இழுப்பார்கள். கிண்டல் பேசுவார்கள். அந்த உத்தியை அவர்கள் புதிதாகக் கண்டுபிடித்ததாக நினைத்திருந்தால் நம் வேதாளம் சிரித்திருக்கும். காஷ்மீரத்துப் பண்டிதர் சோமதேவர் 11-ஆம் நூற்றாண்டிலேயே 'கதாசரித் சாகர'த்தில் வேதாளத்தின் 25 கதைகளை எழுதி வைத்துவிட்டார். அம்புலிமாமா அந்த 25-ஓடு நிற்கவில்லை. புதிது புதிதாக நூற்றுக்கணக்கில் கட்டி, பல வருஷங்கள் வேதாளத்தை முருங்கை மரத்தில் ஏற்றி இறக்கியது.

நிபந்தனை தெரியுமல்லவா? விடை தெரிந்தும் அரசன் சொல்லாவிட்டால் அவன் தலை வெடித்துவிடும். சொன்னாலோ மௌனம் கலைந்து பிணம் மரத்துக்குப் போய்விடும். இப்படியும் அப்படியும் போக முடியாமல் ஒரு மனிதனை நிறுத்துவதுதான் திகில் கதையின் முதல் பாடம். கடைசியில் வேதாளம் கேட்கிற கேள்வி, உறவு முறையில் கரை கண்ட நம் வாசகிகளுக்கென்றே அமைந்தது. காட்டில் ஓர் அரசனும் அவன் மகனும் இரண்டு பெண்களின் காலடிச் சுவடுகளைப் பார்க்கிறார்கள். ஒன்று பெரிய பாதம், ஒன்று சிறிய பாதம். பெரிய பாதத்துக்காரியைத் தகப்பன் மணப்பது, சிறிய பாதத்துக்காரியை மகன் மணப்பது என்று பேசிக்கொள்கிறார்கள். நேரில் பார்த்தால், பெரிய பாதம் மகளுடையது. சிறிய பாதம் தாயுடையது! கொடுத்த வாக்குப்படியே கல்யாணம் நடக்கிறது. இரு தம்பதிகளுக்கும் குழந்தைகள் பிறக்கின்றன. அந்தக் குழந்தைகள் ஒன்றையொன்று என்ன முறை வைத்துக் கூப்பிட வேண்டும்? மாமாவா, அத்தையா, பேரனா, பாட்டியா? விக்ரமாதித்தனுக்கே விடை தெரியவில்லை. மௌனமாக நடக்கிறான். அந்த மௌனத்தால்தான் தப்பிக்கிறான். வேதாளம் மகிழ்ந்து ரகசியத்தைச் சொல்கிறது: பிணத்தைக் கொண்டுவரச் சொன்ன சந்நியாசி உன்னையே பலி கொடுக்கப் போகிறான், கீழே விழுந்து நமஸ்கரிக்கச் சொல்வான், "எனக்குத் தெரியாது, செய்து காட்டுங்கள்" என்று சொல்லி, அவன் குனிந்ததும் வெட்டிவிடு.

இத்தனை நாளும் பயமுறுத்திய பிணம் நண்பன். வணங்கி வந்த சாமியார் பகைவன். ஆயிரம் வருஷத்துக்கு முந்தின திருப்பம் இது.

அவ்வளவு தூரம் காஷ்மீரத்துக்குப் போவானேன்? நம் மதுரையிலேயே இருக்கிறது. பழங்காநத்தத்தின் பக்கம் கோவலன் பொட்டல் என்ற இடத்தைக் காட்டி, கோவலன் வெட்டுண்டது இங்கேதான் என்று பரம்பரையாகச் சொல்லிவருகிறார்கள். சிம்மக்கல்லில் செல்லத்தம்மன் கோயிலில் கண்ணகி சிலை இருக்கிறது. சிலப்பதிகாரத்தின் வழக்குக் காட்சியைச் சித்திரக் கதைக்காரனின் கண்ணோடு ஒரு முறை பாருங்கள். அரசனுக்குத் தெரியாதது வாசகருக்குத் தெரியும். சிலம்பைத் திருடியவன் பொற்கொல்லன். அரண்மனைச் சிலம்பின் பரல் முத்து என்கிறான் பாண்டியன். என் சிலம்பின் பரல் மாணிக்கம் என்கிறாள் கண்ணகி. உடைக்கிறாள். மாணிக்கம் தெறித்து அரசன் முகத்தில் விழுகிறது. தீர்ப்புச் சொல்லவேண்டியவன் தனக்கே தீர்ப்புச் சொல்லிக்கொண்டு உயிரை விடுகிறான்.

இளங்கோ அங்கேயும் நிற்கவில்லை. ஊர் எரிந்துகொண்டிருக்கும்போது மதுராபதித் தெய்வம் பின்பக்கமாக வந்து கண்ணகிக்கு முன்பிறப்புக் கதை சொல்கிறது. கோவலன் முற்பிறப்பில் பரதன் என்பவன். சங்கமன் என்ற வியாபாரியை ஒற்றன் என்று பழி சுமத்திக் கொல்லவைத்தான். சங்கமன் மனைவி நீலி பதினான்கு நாள் அழுது அலைந்து, மலையேறிக் குதிக்குமுன் சாபமிட்டாள். இப்போது பொய்ப் பழியால் கோவலன் வெட்டுண்டான். கண்ணகியும் பதினான்காம் நாளில் கணவனைக் காண்பாள். இதுவரை ஒருதலையாக அழுதுகொண்டிருந்த நமக்கு, காட்சியை அப்படியே திருப்பி வைத்தாற்போல் இருக்கிறது. கோவலன் மேல் பரிதாபம் குறையவும் இல்லை. நீலியை மறக்கவும் முடியவில்லை. கெய்ன்ஸின் கதைகளில் தண்டனை பெற்றவனுக்காக யாரும் அழுவதில்லை. என் அபிப்பிராயத்தில் பெரிய எழுத்துக்கும் பத்து சென்ட் எழுத்துக்கும் உள்ள தூரம் அதுதான்.

இருந்தாலும் ஒரு கதையில் அந்தப் பத்து சென்ட் பத்திரிகைக்காரர்களும் உயரத்துக்குப் போனார்கள். அதில் பேயே இல்லை. பூமியிலிருந்து ஒரு பிரதிநிதி, யந்திர மனிதர்கள் மட்டுமே வாழ்கிற ஒரு கிரகத்துக்குப் போகிறார். அண்டங்களின் குடியரசில் அவர்களைச் சேர்க்கலாமா என்று பார்த்துச் சொல்லவேண்டும். முகமூடியிட்ட ஆகாய உடையோடு ஊரைச் சுற்றுகிறார். ஆரஞ்சு நிற யந்திர மனிதர்களுக்கு நல்ல வேலை, நல்ல இடம். நீல நிறத்தவர்களுக்கு வேறு சேரி, தாழ்ந்த வேலை, பஸ்ஸில் பின் வரிசை. தொழிற்சாலையில் பார்த்தால் இரு வகைக்கும் உள்ளே ஒரே யந்திரந்தான். மேல் தகடு மட்டும் வேறு. நீங்கள் இன்னும் தயாராகவில்லை என்று சொல்லிவிட்டுத் தம் விண்கலத்துக்குத் திரும்பி முகமூடியைக் கழற்றுகிறார். கடைசிக் கட்டத்தில் நாம் காண்பது ஒரு நீக்ரோவின் வியர்வை அரும்பிய முகம்.

1953-ல் வந்த இந்தக் கதையை 1956-ல் மறுபடி அச்சிட முயன்றபோது, கட்டுப்பாட்டு அதிகாரியான ஒரு முன்னாள் நீதிபதி, அந்த மனிதரைக் கறுப்பராகக் காட்டக்கூடாது என்றார். அதை எடுத்துவிட்டால் கதை ஏது? கெய்ன்ஸும் ஃபெல்ட்ஸ்டீனும் மசியவில்லை. சண்டை போட்டு அப்படியே அச்சிட்டார்கள். கெய்ன்ஸ் வெளியிட்ட கடைசிச் சித்திரக் கதைப் புத்தகம் அதுதான். பிறகு 'மேட்' என்ற நையாண்டிப் பத்திரிகையை வைத்துக்கொண்டு, திகிலில் சம்பாதித்ததைவிடப் பல மடங்கு சம்பாதித்தார். தலைகளைக் காட்டியபோது வந்த கோபம் புரிகிறது. ஒரு முகத்தைக் காட்டியதற்கு வந்த கோபந்தான் அந்த விதியின் சாயத்தை வெளுக்கச் செய்தது. ஒரே ஊரில் பிறந்து, ஒரே வைகைத் தண்ணீர் குடித்தவர்களில் ஒரு பகுதியாருக்கு மீனாட்சி கோயில் வாசல் திறக்க 1939 ஜூலை 8-ஆம் தேதி வைத்தியநாதய்யர் அவர்களை அழைத்துக்கொண்டு உள்ளே போகும்வரை காத்திருந்த நகரம் இது. மதுரைக்காரர்களுக்கு ஆரஞ்சு, நீலத்தை நான் விளக்க வேண்டியதில்லை.

தமிழில் சித்திரக் கதைப் புத்தகங்களின் பெரிய உலைக்களம் மதுரையிலிருந்து எழுபது கிலோமீட்டர் சொச்சம் தெற்கே, விருதுநகரைத் தாண்டிக் கரிசல் பூமியில் இருக்கிறது. சிவகாசி! 1920-களில் தீப்பெட்டித் தொழில் வந்தது; தீப்பெட்டிக்கு லேபிள் வேண்டியிருந்தது; லேபிளுக்காக அச்சுக்கூடங்கள் வந்தன; அச்சுக்கூடங்கள் காலண்டர் போட்டன; அப்புறம் கதையும் போட்டன. 1972-ல் சௌந்தரபாண்டியன் 'முத்து காமிக்ஸ்' தொடங்கி, மின்சாரம் பாய்ந்தால் உருவம் மறைந்து கை மட்டும் தெரிகிற 'இரும்புக்கை மாயாவி'யை நமக்கு அறிமுகம் செய்தார். அவர் மகன் விஜயன் 1984-ல் 'லயன் காமிக்ஸ்' தொடங்கினார். அதே கூடாரத்திலிருந்து 1980-களின் நடுவில் 'திகில்' என்ற பெயரிலேயே ஒரு பத்திரிகை வந்தது. அமெரிக்க விதி எந்தச் சொல்லைத் தடுத்ததோ அதுவே இங்கே பத்திரிகையின் பெயர்! கறுப்புக் கிழவி என்றொருத்தி அதில் கதை சொன்னாள். அன்றைக்குப் பள்ளிக்கூடத்துப் பையன்களாக இருந்து இன்று நரைத்துப்போனவர்கள் அவள் பெயரைக் கேட்டாலே முகம் மலர்கிறார்கள்.

பையன்கள் என்று சொல்லிவிட்டேன். பெண்களுக்குப் பேய்க் கதை பிடிக்காது என்று பத்திரிகை ஆபீஸ்களில் வெகுகாலமாக ஒரு நம்பிக்கை உண்டு. 1978-ல் இங்கிலாந்தில் 'மிஸ்டி' என்ற வாரப் பத்திரிகை பெண் குழந்தைகளுக்கென்றே திகில் சித்திரக் கதைகளைப் போட்டு அந்த நம்பிக்கைக்கு ஓர் அடி கொடுத்தது. நம் ஊரில் அந்தச் சோதனை தேவைப்பட்டிருக்காது. மின்சாரம் போன இரவில் மொட்டை மாடியில் பழையனூர் நீலி கதையைச் சொன்னது எந்த வீட்டில் தாத்தா? பாட்டிதானே!

பழைய இதழ்களைத் தேடுகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. பழைய புத்தகக் கடையில் அட்டை கிழிந்திருந்தால் பரவாயில்லை. நடுவில் எண்ணெய்க் கறை இருந்தாலும் பரவாயில்லை. பலர் கை மாறிய புத்தகத்தில் முதலில் உதிர்ந்துபோவது கடைசித் தாள். அது இருக்கிறதா என்று விரலால் தடவிப் பார்த்துக்கொண்டு, கண்ணை வேறு பக்கம் திருப்பியபடி விலை பேசுங்கள்.